ஐம்பத்து மூன்று மணிகள்

ஜெர்மனிக்குக் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு எங்கள் தேவாலயப் பங்கின் இளையோர் கூட்டத்தில் என்னைப் பத்து நிமிடம் பேசச் சொன்னார்கள். இலக்கில் உறுதியாக நிற்பது எப்படி என்பது தலைப்பு. பங்குச் சாமியார் என்னை அறிமுகப்படுத்தும்போது, இந்தப் பிள்ளை தாய் படுக்கையில் கிடந்த காலம் முழுக்கச் செபமாலையைக் கையிலிருந்து இறக்காதவள், அந்தச் செபம்தான் இவளைத் தேர்வில் தேற வைத்தது என்றார். பிள்ளைகள் கைதட்டினார்கள். நானும் மைக்கைப் பிடித்து, செபமும் உழைப்பும் இருந்தால் எதுவும் முடியும் என்று மூன்று நிமிடத்தில் முடித்துவிட்டு உட்கார்ந்தேன். மீதி ஏழு நிமிடத்தில் சொல்ல வேண்டியதை அங்கே சொல்ல முடியாது. சொல்லியிருந்தால் சாமியார் மைக்கைப் பிடுங்கியிருப்பார்.

நான் நர்ஸ். நாகர்கோவிலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஏழு வருடம் வேலை பார்த்தேன். என்னோடு படித்தவர்கள் ஒவ்வொருத்தியாக ஜெர்மன் படித்துக் கிளம்பிப் போனார்கள். எனக்கும் போக வேண்டும். ஏன் என்று கேட்டால் பெரிய காரணம் ஒன்றுமில்லை. முப்பது வயது ஆகப் போகிறது, ஒரே ஒரு காரியத்தையாவது நானாக நினைத்து நானாக முடித்தேன் என்று இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் நடந்த வகுப்பில் சேர்ந்தேன். ஒன்றரை வருடம் படித்து முதல் தடவை தேர்வுக்குப் போனபோது எழுத்தில் தேறி, பேச்சில் தோற்றேன். எதிரே இருந்தவர் கேள்வி கேட்டார், எனக்குத் தெரிந்த சொற்களெல்லாம் எங்கேயோ போய் ஒளிந்துகொண்டன. இன்னொரு தடவைதான் எழுதலாம், அதிலும் போனால் உங்கள் இடம் வேறு ஒருத்திக்கு என்று ஏஜென்சியில் சொல்லிவிட்டார்கள்.

எனக்கு மறதி கிடையாது. கவனம்தான் கிடையாது. புத்தகத்தைத் திறந்தால் கொட்டாவி வரும், மூடினால் மனசு அரிக்கும், நடுவில் போனை எடுத்தால் ஒரு மணி நேரம் போன வழி தெரியாது. ஊரிலிருந்து நாகர்கோவிலுக்குப் பஸ்ஸில் ஐம்பது நிமிடம். அந்த நேரத்தில் படிக்கலாம் என்று சொற்பட்டியலை எடுத்தால் பஸ் குலுக்கலில் எழுத்துகள் ஆடும். ஒரு நாள் பையில் பேனாவைத் துழாவும்போது செபமாலை கையில் தட்டுப்பட்டது. சும்மா விரலால் உருட்டிக்கொண்டே முந்தின நாள் பாடத்தில் வந்த ஒரு சொல்லைச் சொன்னேன். அடுத்த மணிக்கு அடுத்த சொல். நாகர்கோவில் வந்து இறங்கும்போது ஐம்பத்து மூன்று சொற்கள் சொல்லி முடித்திருந்தேன். சாயங்காலம் சொல்லிப் பார்த்தேன், ஒன்றுகூடத் தவறவில்லை.

எங்கள் ஊரில் பிறந்த யாருக்கும் இதில் ஆச்சரியம் இருக்காது. நடக்கப் பழகுவதற்கு முன்பே எங்களை மாதா படத்துக்கு முன்னால் முழங்காலில் நிறுத்திவிடுவார்கள். தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு அந்த மணிகளை உருட்டி உருட்டி, மனசு எங்கே போனாலும் விரல் அதன் வேலையைப் பார்க்கும். சிறிய மணி ஐம்பத்து மூன்று, பெரிய மணி ஆறு. நான் சிறிய மணிக்கு ஒரு சொல், பெரிய மணிக்கு ஒரு முழு வாக்கியம் என்று வைத்துக்கொண்டேன். இது தப்பு என்று தெரியும். சாமியாரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தில் ஒரு தடவைகூட இதைச் சொன்னதில்லை.

அந்த நேரத்தில்தான் அம்மாவுக்கு வயிற்று வலி வந்தது. அம்மா மீன் விற்கிறவள். காலையில் கடற்கரையில் ஏலத்தில் எடுக்கும் சாளையையும் நெத்திலியையும் அலுமினியச் சருவத்தில் போட்டு, ஷேர் ஆட்டோவில் உள்நாட்டு ஊர்களுக்குக் கொண்டுபோய் மத்தியானத்துக்குள் விற்றுத் திரும்புவாள். வலியைப் பல்லைக் கடித்துக்கொண்டு நாலு மாதம் தூக்கிச் சுமந்திருக்கிறாள். ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது. நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில்தான் டாக்டர் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார். நான் தலையாட்டினேன். மருந்துகளின் பெயரைக் குறித்துக்கொண்டேன். அன்று பஸ்ஸில் வரும்போது வழக்கம்போல ஐம்பத்து மூன்று சொற்களையும் சொன்னேன். இருபத்தொன்றாவது மணியில், அம்மா சாகப் போகிறாள், நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று ஒரு நினைப்பு வந்தது. இருபத்திரண்டாவது மணிக்கு விரல் நகர்ந்துவிட்டது. அதன்பிறகு அந்த நினைப்பு வரவில்லை.

அம்மாவை வீட்டுக்குக் கொண்டுவந்து முன் அறையில் கட்டில் போட்டோம். நான் லீவு சொல்லிவிட்டு வீட்டிலிருந்தேன். அப்பா கடலுக்குப் போவதை நிறுத்தி நாலைந்து வருடம் ஆகிறது. வாசலுக்கு வெளியே உட்கார்ந்து யாருடைய கிழிந்த வலையையாவது ஊசியால் பொத்துக்கொண்டிருப்பார். அடுத்த வீட்டில் சித்தி, அம்மாவின் தங்கை. இவ்வளவு பேர்தான் நாங்கள்.

விடியற்காலை கோயிலில் திருந்தாதி மணி அடித்ததும் எழுந்து, அம்மாவின் கால்மாட்டில் பாயைப் போட்டு உட்கார்ந்துகொள்வேன். அம்மாவுக்கு மருந்து கொடுக்கும் நேரம்வரை மணி உருட்டுவேன். வாய்க்குள்தான் சொல்வேன், உதடு மட்டும் அசையும். கை, முதுகு, முழங்கால், மூச்சு, படுக்கை, போர்வை, புண் என்று எல்லாம் ஆஸ்பத்திரிச் சொற்கள். அம்மா கண்ணை மூடிக் கிடப்பாள். பார்க்க வருகிறவர்களிடம் அம்மாதான் முதலில் அதைச் சொன்னாள்.

“எனக்க மக விடிய முந்தியே எழும்பி எனக்காவ செபிக்கா, கேட்டியா. ஒரு நாளும் தெத்துனதில்ல.”

எனக்கு முகம் சுண்டிப்போனது. இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். வந்திருந்த பெண் அதற்குள் என் தலையைத் தடவி, மாதா கைவிடமாட்டா மக்கா என்றாள். அதற்குப் பிறகு சொல்ல முடியாது. அம்மாவுக்கு இருக்கும் ஒரே ஆறுதலை நான் ஏன் கெடுக்க வேண்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மறுநாள் அம்மா தன்னுடைய செபமாலையையே கழற்றி என்னிடம் கொடுத்தாள். தேக்குநிற மர மணிகள், தேய்ந்து வழுவழுப்பானவை. மீன் வாடையும் விக்ஸ் வாடையும் அதில் கலந்திருக்கும். அன்றிலிருந்து அதில்தான் படித்தேன். விரலுக்கு நன்றாக வசப்பட்டது.

பகலில் பேச்சுப் பயிற்சிக்கு அம்மாவைத்தான் நோயாளியாக வைத்துக்கொண்டேன். நிஜமாகவே நோயாளிதானே. காலையிலும் மாலையிலும் கட்டில் பக்கத்தில் நின்று, “வோ ஹாபன் ஸீ ஷ்மெர்ட்ஸன்?” என்று கேட்பேன். எங்கே வலிக்கிறது என்று அர்த்தம். முதல் நாள் ஒரு தடவை அர்த்தம் சொன்னேன், அதோடு அம்மா பிடித்துக்கொண்டாள்.

“வயித்துல.”

சரி என்று அடுத்த கேள்விக்குப் போவேன். வலி எப்போது ஆரம்பித்தது, ராத்திரி தூங்கினீர்களா, சாப்பிட்டீர்களா. அவளுக்கு மற்ற கேள்விகள் புரியாது, சும்மா தலையாட்டுவாள். அப்பா வாசலில் வலை பொத்தியபடி, “ரெண்டுவேருக்கும் வட்டு” என்பார். வட்டு என்றால் எங்கள் பக்கம் பைத்தியம்.

கடைசி வாரத்தில் அம்மாவின் பதில் மாறியது. வோ ஹாபன் ஸீ ஷ்மெர்ட்ஸன் என்றேன். அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “எங்கயும் இல்ல” என்றாள். நான் சரி என்று அடுத்த கேள்விக்குப் போனேன். ஏழு வருடம் வேலை பார்த்த நர்ஸ் நான். வயிறு கல்லாக வீங்கிக் கிடக்கிறவள் எங்கேயும் வலிக்கவில்லை என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். நின்று பார்க்கவில்லை. இதை எழுதும்போதுகூட அதற்கு வருத்தப்படுகிறேன் என்று சொல்ல வரவில்லை. அப்படித்தான் நடந்தது என்று மட்டும்தான் சொல்ல வருகிறது.

தேர்வுத் தேதியை அடுக்களையில் தொங்கும் பங்குக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருந்தேன். அதற்கு ஐந்து நாள் முன்பு, மத்தியானம் பன்னிரண்டு பத்துக்கு அம்மா இறந்தாள். நான்தான் பக்கத்தில் இருந்தேன். நாடி பார்த்தேன், கடிகாரத்தைப் பார்த்தேன், கண்ணை மூடினேன், மூத்திரப் பையைக் கழற்றினேன், துணியைச் சரி செய்துவிட்டு வாசலுக்குப் போய் அப்பாவிடம் சொன்னேன். அப்பா ஊசியை வலையிலேயே குத்தி வைத்துவிட்டு எழுந்து வந்தார். சித்தி போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது.

மறுநாள் சாயங்காலம்தான் அடக்கம். அதுவரை சவப்பெட்டி பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ரொம்ப நேரம் சம்மணம் போட்டிருந்தால் கால் மரத்துப்போய், கிள்ளினாலும் யாருடைய காலையோ கிள்ளுகிற மாதிரி இருக்குமே, உடம்பு முழுக்க அப்படி இருந்தது. அழ முயற்சி செய்தேன். வரவில்லை. கையில் செபமாலை இருந்தது, விரல் தானாக மணியை உருட்ட ஆரம்பித்தது, உதடும் தானாக அசைந்தது. சவப்பெட்டி பக்கத்தில் எத்தனை சொல் சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை. நாலைந்து சுற்று வந்திருக்கும். துஷ்டி கேட்க வந்தவர்கள் என்னைப் பார்த்துத் தங்களுக்குள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது.

“அழக்கூட இல்ல பாத்தியா. தாய்க்க ஆத்துமாவுக்கு செபிச்சிட்டே இருக்கா.”

“இப்பிடி ஒரு பிள்ளை கெடைக்கணுமே.”

அடக்கம் முடிந்தது. ஏழாம் நாள் பூசைவரை வீட்டுப் பிள்ளைகள் வெளியூர் போகக்கூடாது, தினமும் சாயங்காலம் எங்கள் தெருச் செபக்குழுவான அன்பியத்துக்காரர்கள் வந்து செபமாலை சொல்வார்கள், நாம் இருக்க வேண்டும். தேர்வு ஆறாம் நாள், திருவனந்தபுரத்தில். இந்த ஒரு நாளை விட்டால் எல்லாம் போச்சு. போனால், தாயைப் புதைத்த மண் காயும் முன்னே பரீட்சைக்குப் போனாள் என்று ஆயுசுக்கும் பேச்சு நிற்கும். ஐந்தாம் நாள் சாயங்காலம் சித்தியிடம் எப்படிச் சொல்வது என்று அடுக்களையில் நின்று முழித்துக்கொண்டிருந்தேன். சித்தியே வந்தாள்.

“நாளைக்கு நீ எங்கயோ போவணும் இல்லியா?”

நான் அடுப்பிலிருந்த பானையைத் திறந்து மூடினேன்.

“நேர்ச்சை இருக்குன்னு அக்கா சொல்லியிருக்கா. போயிட்டு வா. கேக்குதவங்கட்ட நான் சொல்லிக்கிடுதேன். ஏழு மணி செபத்துக்கு வந்திரு, என்ன?”

அம்மா மயக்கத்தில் எதையோ உளறியிருக்கிறாள், சித்தி அதை நேர்ச்சை, ஏதோ கோயிலுக்கு நேர்ந்த கடன், என்று பிடித்துக்கொண்டாள் என்று நினைத்தேன். அதற்கு மேல் கேட்கவில்லை. கிடைத்த வழியில் நுழைந்து போகத்தான் தோன்றியது. மறுநாள் விடியற்காலை கறுப்புச் சேலையில், முக்காடு போட்டு, கையில் செபமாலையோடு தெருவில் நடந்து பஸ் ஏறினேன். எதிரே வந்த கிழவர் ஒருவர் தொப்பியைக் கழற்றி மரியாதை செய்தார்.

பேச்சுத் தேர்வில் என் எதிரே கோட்டயத்துப் பெண் ஒருத்தி. வயதான பெற்றோரைப் பிள்ளைகள் வீட்டில் வைத்துப் பார்ப்பதா, இல்லத்தில் சேர்ப்பதா என்று இரண்டு பேரும் விவாதிக்க வேண்டும். மேசைக்கு அடியில் செபமாலையை உருட்டிக்கொண்டே பேசினேன். சொற்கள் வரிசையில் நின்று ஒவ்வொன்றாக வந்தன. வீட்டில் வைத்துப் பார்ப்பதிலுள்ள நல்லது மூன்று, கெட்டது இரண்டு, என் சொந்த அனுபவம் ஒன்று. சொந்த அனுபவத்தையும் தெளிவாகச் சொன்னேன், குரல் நடுங்கவில்லை. தேர்வாளர் அம்மையார் புன்னகைத்துத் தலையாட்டினார். வெளியே வந்து ஒரு கடையில் சாயாவும் பழம்பொரியும் வாங்கிச் சாப்பிட்டேன். பழம்பொரி நன்றாக இருந்தது. ஏழு மணிக்குள் வீடு வந்து சேர்ந்துவிட்டேன்.

நாற்பத்தொன்றாம் நாள் முடிந்த பிறகு முடிவு வந்தது, தேறியிருந்தேன். சித்தி என் நெற்றியில் சிலுவை போட்டு, செபத்துக்குப் பலன் என்றாள். அப்பா ம் என்றார். நான் போனை மேசையில் வைத்துவிட்டு அரிசி களையப் போனேன். இரண்டு வருடமாக நினைத்த காரியம். சந்தோஷம் எங்கேயாவது இருக்கிறதா என்று உள்ளே தேடிப் பார்த்தேன், அரிசி களைந்த தண்ணீர்தான் தெரிந்தது.

விசா வரப் பல மாதம் ஆனது. அதுவரை தினமும் ஏழு மணிக்கு அப்பாவும் நானும் மட்டும் செபமாலை சொல்வோம். அம்மா இருந்தவரை அவள்தான் சொல்வாள், நாங்கள் பதில் சொல்வோம். இப்போது அப்பா சொல்வார், நான் பதில் சொல்வேன். பதில் சொல்வது சுலபம், மணியைத் தொட வேண்டியதில்லை. தொண்டை சரியில்லை, உங்கள் குரல்தான் அம்மாவுக்குப் பிடிக்கும் என்று ஏதாவது சொல்லித் தப்பித்துக்கொண்டே வந்தேன். உண்மை என்னவென்றால் எனக்குப் பயம். தனியாக ஒரு தடவை முயன்று பார்த்திருந்தேன்.

கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் அப்பா மெழுகுதிரியைக் கொளுத்திவிட்டு, “இண்ணைக்கு நீ சொல்லு” என்றார். நாளை முதல் அவர் தனியாகச் சொல்ல வேண்டியவர். மறுக்க முடியவில்லை. தொடக்கச் செபங்களையும் முதல் பெரிய மணியையும் அவரே சொன்னார். முதல் பத்து மணி என்னுடையது. அம்மாவின் செபமாலையில் முதல் சிறிய மணியைத் தொட்டேன். எழுத்துத் தெரியும் முன்பே எனக்குத் தெரிந்த செபம் அது. வாயைத் திறந்தால், “டீ ஹாண்ட்” என்று வந்தது. கை.

நிறுத்தினேன். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். அருள் நிறைந்த என்பதுவரை வந்து நாக்கு நின்றது. அடுத்து என்ன என்று தெரியவில்லை. அப்பா காத்திருந்தார்.

“இருமல் வருது அப்பா. நீங்களே சொல்லுங்க.”

“இருமலும் இல்ல, மண்ணும் இல்ல. உனக்க பாடத்தச் சொல்லு.”

“என்ன பாடம்?”

“காலம்பற உருட்டுவியே, அது. அம்மா சொல்லியிருக்கா எனக்கிட்ட. செவமால சொல்ல கால் மணிக்கூர் ஆவும். நீ ஒரு சுத்துக்கு ஒரு நாள் ஒரு மணிக்கூர் எடுப்ப, ஒரு நாள் அஞ்சு நிமிசத்துல முடிப்ப. நாப்பது வருசம் சொன்னவளுக்கு இது தெரியாதா?”

“பின்ன ஏன் எல்லார்ட்டயும் செபிக்கேன்னு சொன்னா?”

“தாய் கெடையில கெடக்கும்போ மக பரீட்சைக்குப் படிக்கான்னா ஊரு சும்ம விடுமா? அதுக்குத்தான் மாலயையும் உனக்கிட்ட தந்தா.”

காலண்டரில் வட்டம் போட்ட தேதி நினைவுக்கு வந்தது.

“அந்த நேர்ச்சை?”

“அதும் அவதான். சித்தியக் கூப்பிட்டு, நான் எப்பப் போனாலும் இந்தத் தேதியில அவளுக்கு ஒரு நேர்ச்சை உண்டு, தடுக்காதன்னு சத்தியம் வாங்கிட்டா. சித்திக்கு இண்ணைக்கு வரைக்கும் அது நேர்ச்சைதான். நீயும் ஒண்ணும் சொல்லிக்கிடாத.”

எனக்குக் கோபம் வந்தது. அழுகை இல்லை, சுத்தமான கோபம். அத்தனை விடியற்காலையும் நான் அவளை ஏமாற்றுகிறேன் என்று நினைத்து, அந்த நினைப்பு தொடாமல் இருக்க மனசில் ஒவ்வொன்றாக மரத்துப்போக விட்டு உட்கார்ந்திருந்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு நான் எடுத்த நேரத்தை அளந்துகொண்டு கிடந்திருக்கிறாள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன? படி மக்கா என்று ஒரு வார்த்தை. சொல்லாமல் போய்விட்டாளே. அம்மா போன பிறகு எனக்கு வந்த முதல் உணர்ச்சி அதுதான்.

“சொல்லு,” என்றார் அப்பா. “திரி உருகுது.”

சொன்னேன். டீ ஹாண்ட். அப்பா கண்ணை மூடிக்கொண்டு, அர்ச்சிஷ்ட மரியாயே என்று தன் பங்கை ஆரம்பித்து முழுவதும் சொல்லி முடித்தார். டேர் ரூக்கன். முதுகு. மறுபடியும் அர்ச்சிஷ்ட மரியாயே. முழங்கால், மூச்சு, படுக்கை, போர்வை. ஒவ்வொன்றுக்கும் அவர் ஒரு எழுத்துக் குறைக்காமல் பதில் சொன்னார். பத்து மணியும் முடிந்தது. விரல் பெரிய மணிக்கு வந்து நின்றது. அதில் எந்த வாக்கியம் இருக்கிறது என்று விரலுக்குத் தெரியும்.

“வோ ஹாபன் ஸீ ஷ்மெர்ட்ஸன்?”

அப்பா கண்ணைத் திறந்தார். மாதா படத்தையும், பக்கத்தில் மாலை போட்டிருந்த அம்மாவின் படத்தையும் பார்த்தார். அத்தனை மாதம் வாசலில் உட்கார்ந்து இந்தக் கேள்வியைக் காலையும் மாலையும் கேட்டவர்.

“எங்கயும் இல்ல” என்றார்.

நான் அடுத்த மணியைத் தொட்டேன்.